சிவப்புத் தாள் கட்டிய வெள்வேல்கள்

மாப்பிள்ளை,

உங்கள் சைக்கிளை எடைக்குப் போட மனசில்லாமல் நேற்றுத் தங்கச்சி துடைத்துக்கொண்டிருந்தாள். சீட்டுக்கு அடியில் செருகியிருந்த ஒரு கட்டுத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். விரல் அகலச் சிவப்புத் தாள்கள். அச்சாபீஸ் மை வாசம் இன்னும் போகவில்லை. சாத்தூரில் மழை பெய்தால் ஆமத்தூரில் நின்று மோப்பம் பிடிக்கிற மூக்கு என்னுடையது, உங்களுக்குத் தெரியாததா?

சிவகாசியில் பட்டாசு லேபிள் வெட்டும் மிஷினில் நின்ற நீங்கள், கழித்துப்போட்ட பளபளப்புத் தாளைப் பொறுக்கி வந்து ஞாயிறுதோறும் நம் கண்மாய்க்குள் இறங்குவீர்கள். சீமைக்கருவேலுக்கு நடுவே, ஆட்டுப் புழுக்கையோடு விழுந்து முளைத்து இடுப்புயரம் வந்திருந்த, நம் நாட்டு மரமான வெள்வேலின் கன்றுகளைத் தேடித் தேடித் தாள் கட்டுவீர்கள். ஆயிரம் கன்று என்று ஊருக்குள் சொல்லிவைத்திருந்தேன். நூறுகூட இருக்காது.

“சீமையை வெட்டுறது பெரிசில்ல மச்சான். வெட்டுன எடத்துல நம்ம மரம் நிக்கணும். இல்லைன்னா சீமையே திரும்ப வந்து உக்காந்துக்கும்” என்பீர்கள்.

“கலெக்டருக்கே இதை நான்தானே சொல்லிக்குடுத்தேன்” என்று அளப்பேன்.

“ஆமா, அவுகளும் நோட்டுல எழுதிக்கிட்டாக” என்பீர்கள், சிரிக்காமல்.

கண்மாயில் சீமையைப் பிடுங்கித் தள்ள மண் அள்ளும் மிஷின் வந்த நாளில் உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை, சீசன் ஆர்டர். வேலைக்குப் போகிற வழியில் என் வாசலில் சைக்கிளை நிறுத்தினீர்கள்.

“மச்சான், தாள் கட்டுனதை மட்டும் விடச் சொல்லுங்க. மறந்துறாதீக.”

“எங்கிட்டப் போயி சொல்லுதீகளே மாப்ள! கண்ணைக் கட்டிவிட்டாலும் காட்டுவேன்.”

போனேன். அந்தக் கோடை வறட்சியில் சீமைகூட இலை உதிர்த்து, எல்லாமே முள்ளும் குச்சியுமாக நின்றன. தாள்கள் இருந்தன, மாப்பிள்ளை. ஆனால் சிவப்பு இல்லை. வெளுத்து, காற்றில் வந்து சிக்கிய குப்பையோடு குப்பையாகத் தொங்கின; எது நீங்கள் கட்டியது என்று பிரித்தறிய முடியவில்லை. டிரைவர் இறங்கிவந்து, “அண்ணாச்சி, இதுல எதை விடணும்?” என்று கேட்டான். ஊர்க்கூட்டம் மொத்தமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. தெரியவில்லை என்ற ஒரு சொல் என் வாயில் என்றைக்கு வந்திருக்கிறது?

“எல்லாம் சீமைதாம்லே. தள்ளு!” என்று கையைக் காட்டினேன்.

சாயங்காலம் வந்து நின்றீர்கள். மண்ணில் புரண்டு கிடந்த கன்றுகளைப் பார்த்தீர்கள். நான் முந்திக்கொண்டேன்: “டிரைவர் பய சொன்னதைக் கேக்கலை மாப்ள.” நீங்கள் குனிந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“கலர் போயிருச்சுல்ல. நான்தான் மச்சான் மாத்திக் கட்டியிருக்கணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிக் கட்டவென்று நீங்கள் முன்பே கொண்டுவந்து வைத்திருந்த கட்டுத்தான் சீட்டுக்கு அடியிலேயே தங்கிவிட்டது போல. ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் பதினாறாம் நாள் பந்தியிலும் உட்கார்ந்து அந்த டிரைவரைத்தான் திட்டினேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, மண்ணுக்குள் அறுந்து கிடந்த வேர்களிலிருந்து வெள்வேல் துளிர்த்திருக்கிறது. நேற்று அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு தங்கச்சியோடு போனேன். முதல் தாளைக் கட்டும்போதே, கையைக் காட்டியது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அடுத்த தாளை உருவிக் கொடுத்தாள்.

மீதித் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. வெளுக்க வெளுக்க மாற்றிக் கட்டுவேன்.

மொத்தம் பதினொன்று, மாப்பிள்ளை. இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.