ஒன்பதாவது நிமிடம்

ஏப்ரல் 6, ஞாயிறு

குமாசி நகரில் ஆடிய கால்பந்து ஆட்டத்தில் மறுபடி தோல்வி. ஆனால் அடோமாக்கோ கோச்சுக்கு ஒரு குறையும் இல்லை. எங்களை வென்றவர்களின் ரசிகர்களே பஸ்ஸை மறித்து அவர் கையைத் தொட முண்டியடித்தார்கள். ஒரு பெண் ஜன்னல் வழியே மூன்று வள்ளிக்கிழங்கைத் திணித்தாள். “இது உங்களுக்கு. தோத்த பசங்களுக்குக் குடுத்துடாதீங்க.” முப்பத்தொரு வருடம் முன் நாட்டுக்காக அவர் அடித்த கோலுக்கு இன்னும் கிழங்கு வருகிறது. அவள் அப்போது பிறந்தே இருக்க மாட்டாள். எப்படி?

ஏப்ரல் 8

உதவிக் கோச் வேலையில் பாதி, குறிப்பு எழுதுவது. நோட்டைப் புரட்டினேன். இந்த சீசனில் ஒன்பதாவது நிமிடத்தில் மட்டும் ஐந்து கோல் வாங்கியிருக்கிறோம். தற்செயலா?

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆறு.

இன்று பந்தை விட்டுவிட்டு எங்கள் பையன்களையே கவனித்தேன். கோச் ஆடிய காலத்தில் அவர் சட்டை எண் ஒன்பது. அதனால் எந்த ஊர் மைதானமானாலும் ஒன்பதாவது நிமிடம் கூட்டம் எழுந்து கைதட்டும். அவரும் எழுந்து வலக்கையை உயர்த்துவார். எதிரணி அப்போது பந்தைப் பார்க்கிறது. எங்கள் ஆட்கள் கோச்சைப் பார்க்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா? நானும் இத்தனை நாள் அவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8

அடுத்த ஞாயிறு, சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

ஜூன் 10

ஒன்பதாவது நிமிட விஷயத்தைக் கோச்சிடம் சொல்லிவிட்டேன். ஃபுஃபு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

“மூணாவது கோல் விழுந்தப்பவே தெரியும், செர்வா.”

தெரிந்துமா என்று கேட்டேன்.

“வாரம் பூரா நான் தோத்த டீமோட கோச். அந்த ஒரு நிமிஷம் மட்டும் இல்ல.”

பாவமாக இருந்தது. பிறகு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை பசங்க பொழப்பு இதுல இருக்கே — அதை யாரு பாக்கறது? அதையும் கேட்டுவிட்டேன். எழுந்து கை கழுவப் போனார்.

ஜூன் 15, ஞாயிறு

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தப்பித்தோம்.

ஆட்டம் தொடங்குமுன், முதல் பத்து நிமிடம் நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்பதாவது நிமிடம் கூட்டம் எழுந்தது. பையன்கள் வழக்கம்போலத் திரும்பினார்கள். நாற்காலி காலி. பந்தைப் பாருங்கடா என்று கத்தினேன். பார்த்தார்கள். கூட்டம் மட்டும் அந்தக் காலி நாற்காலிக்கே விடாமல் தட்டியது.

ஒருவனுக்குக் கால் பிசகி ஆட்டம் நின்றது. அவரைக் கூப்பிட ஓடினேன். கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

கதவைத் திறந்தேன். ஜன்னலில்லாத அந்த அறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார், வலக்கையை உயர்த்தியபடி.

ஓசைப்படாமல் கதவைச் சாத்தினேன். கைதட்டல் அடங்கும்வரை வெளியே காத்திருந்தேன்.