இருபத்து மூன்றாம் பக்கம்

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் முதலில் செய்தது, மருந்துக்கடை வாசலில் உறைந்திருந்த பனியைக் கடப்பாரையால் கொத்தியது. பிறகுதான் அடுப்பு, பிறகுதான் தேநீர்.

இலையுதிர்காலத்திலிருந்து கடையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. வருகிறவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி நோட்டில் எழுதுகிறேன். வியாழக்கிழமைகளில் டாக்டர் குபாத் வந்து நோட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போடுகிறார்.

இன்று சாயிரா அம்மா. 130/80. முன்பெல்லாம் அழுத்தம் இறங்கியதும் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று மாத்திரையை நிறுத்திவிடுவார். திட்டித் திட்டித் தினமும் போட வைத்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா வரிசை. உன்கிட்ட வந்தா நாற்காலி. என் மருமககூட எனக்கு இவ்வளவு மரியாதை தர்றதில்ல, புருல்" என்றார். பின்னால் நின்றிருந்த மீரிம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழு மாதக் கர்ப்பம். மாமியார் உட்கார்ந்திருக்கும்போது அவள் உட்கார மாட்டாள்.

பிப்ரவரி 13

மீரிம் தனியாக வந்தாள். மாமியாரின் மாத்திரையும், இரண்டு அட்டை தலைவலி மாத்திரையும். யாருக்கு என்றேன். "வீட்டுக்குத்தான் அக்கா." எங்கள் மருமகள்கள் மாமியார் பெயரை வாயால் சொல்வதில்லை. சாயிரா என்று எழுதிய சீட்டை நீட்டினாள். எல்லாவற்றையும் சாயிரா அம்மாவின் பக்கத்தில் எழுதினேன். பக்கம் 23.

காலில் கணவனின் பூட்ஸ்.

"ஏம்மா, இத நீ மாட்டிட்டு வந்துட்டா அவரு பனியில வெறுங்காலோடயா நடப்பாரு?"

"என்னோடது ஏற மாட்டேங்குது அக்கா."

இருவரும் சிரித்தோம்.

பிப்ரவரி 20

மீரிம் மறுபடி. மூன்று அட்டை. பக்கம் 23.

மாலையில் நோட்டைப் புரட்டிய டாக்டர் அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். "பிரஷர் நல்லா இருக்கே, அப்புறம் எதுக்கு இத்தனை தலைவலி?" வயசாகுதில்ல என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 27

ஆறு பேர் வந்தார்கள். ஒன்றும் விசேஷமில்லை.

மார்ச் 4

ரொட்டிக் கடைக்காரி சொன்னாள். நேற்றுத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மீரிமுக்கு வலிப்பு. நாரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். குழந்தை இல்லை. அவள் பிழைத்துக்கொண்டாள்.

ரொட்டிக் கடைக்காரி கேட்ட இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கரண்டி என்று சொன்னேன்.

மார்ச் 5

தலைவலி. கால் வீக்கம். ஏழு மாதம். மூன்றும் சேர்ந்தால் கர்ப்பகால ரத்த அழுத்தம், அடுத்தது வலிப்பு. ஐந்து வருடம் கல்லூரியில் படித்தது இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தானே?

பூட்ஸ பாத்தேன்ல? பாத்துட்டு சிரிச்சேன்ல? ஒரு நிமிஷம் — உக்காரு, கையக் குடுன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடையில அன்னைக்கு வேற யாருமே இல்லியே.

அவளுக்கு ஒரு பக்கமே இல்லை. அவளுடைய தலைவலி முழுவதும் மாமியார் பெயரில் இருக்கிறது, என் கையெழுத்தில்.

அழுகை வரவில்லை. மத்தியானம் நூடுல்ஸ் சூப் குடித்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை.

மார்ச் 13

டாக்டரிடம் சொன்னேன். நோட்டை வாங்கிப் பக்கம் 23-ஐத் திருப்பினார்.

"நீங்க மருந்தாளர். கர்ப்பிணியப் பாக்கறது உங்க வேலை இல்ல. அவ மருத்துவச்சிகிட்ட போகல, அவ்வளவுதான்." பிறகு மெதுவாக, "இதுல என் கையெழுத்தும் இருக்கு, புருல்."

கடிதம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். ஏப்ரல் பத்தாம் தேதி தலைநகர் பிஷ்கெக்கில் கூட்டம். கடையிலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் இந்தத் திட்டத்தை நாற்பது மருந்துக்கடைகளுக்குக் கொண்டுபோவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். எங்கள் நோட்டுதான் முன்மாதிரி. நல்ல பக்கங்களாகப் பத்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மீரிம் என் வேலை இல்லை என்றால், சாயிரா அம்மாவின் அழுத்தம் இறங்கியதும் என் வேலை இல்லைதானே?

மார்ச் 21

நவ்ரூஸ் புத்தாண்டு. தெருவில் பெரிய அண்டாவில் சுமலக், அந்த முளைக்கோதுமைக் களி, கிண்டினார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. இனிப்பாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 3

இருவரும் வந்தார்கள். மீரிம் பாதியாகியிருந்தாள். காலில் அவளுடைய சொந்தச் செருப்பு.

சாயிரா அம்மா பழக்கத்தில் நாற்காலியைப் பிடித்தார். உட்காராமல் நின்றார்.

"நீ உக்காரு."

"இருக்கட்டும், நீங்க உக்காருங்க."

"நான் சாகக் கெடக்கலடி. உக்காரு."

நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். 140/95. புதிய பக்கம் எடுத்தேன். தெரிந்த பெயரைத்தான் கேட்டேன். அவள் வாயால் சொன்னாள். எழுதினேன். நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். தலையாட்டினாள்.

சாயிரா அம்மா மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தலைவலின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உங்கிட்டயாவது சொன்னாளா, புருல்?"

மீரிம் தரையைப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்றேன்.

ஏப்ரல் 4

இல்ல என்றேன்.

ஏப்ரல் 8

நாளைக் காலை ஏழு மணிக்கு பஸ். டாக்டர் தேர்ந்தெடுத்த பத்துப் பக்கங்களும் பையில் இருக்கின்றன. பதினொன்றாவதாக 23-ஐ வைத்திருக்கிறேன். அதைத்தான் முதலில் வாசிக்கப்போகிறேன். தேதி, எத்தனை அட்டை, யார் வாங்கியது, காலில் என்ன போட்டிருந்தாள். டாக்டர் கையெழுத்தைப் பற்றி நானாகப் பேச மாட்டேன், கேட்டால் காட்டுவேன். அதற்குப் பிறகு நாற்காலியை எடுத்துக்கொண்டு போவார்களோ, நாற்பது கடைகளுக்கும் இன்னொரு நாற்காலி சேர்த்துக் கொடுப்பார்களோ, அது அவர்கள் பாடு.

ஆனால் பிஷ்கெக் இரண்டாவதுதான். சாயிரா அம்மா ஐந்தரைக்குப் பால் கறக்க எழுந்துவிடுவார். பஸ் நிலையத்துக்கு அவர் வீட்டு வழியாகப் போகலாம். மீரிமும் விழித்திருப்பாள். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டு அந்தப் பக்கத்தை வாசிப்பேன்.