பல்செட் பொடியில் பத்து நகம்

6 ஜூன் 1983, திங்கள்

மழை. வலது கை மோதிர விரல் நகம் இன்று இரண்டாகப் பிளந்தது. முழு நகம் என்று சொல்லிக்கொள்ள இனி இடது கட்டைவிரல் மட்டும்தான். மற்றதெல்லாம் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி பொருக்கு விடுகிறது.

கையைத் தண்ணீரில் வைக்கக் கூடாது என்கிறார் டாக்டர். இறால் கம்பெனியில் தரம் பார்க்கிற பெண்ணிடம் சொல்கிறார். கரிக்காடி இறால் வந்து குவிகிற மாதம் இது. ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கூடைக்குள் கைவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஐஸ், பிறகு குளோரின் தண்ணீர், பிறகு அடுத்த மேஜை, மறுபடி ஐஸ். "வேறே ஜோலி நோக்கிக்கூடே?" என்று கேட்டார். ஸுவாலஜி படித்தவளுக்கு மட்டாஞ்சேரியில் வேறென்ன ஜோலி? யானைக்கு வைத்தியமா?

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். ஒரு கை இறாலை எடுத்துப் பார்த்து "இது போகாது" என்று நான் சொன்னால் அது போகாது. இந்த வீட்டில் நான் சொல்லி நின்றது என்று வேறு எதுவும் இல்லை.

9 ஜூன்

வெங்கிட்டு மாமா வந்திருந்தார். அம்மாவுக்கு அண்ணா, எனக்கு ஜாதகம் சுமப்பவர். பாலக்காட்டு வரன். பையன் பெயர் வாஞ்சிநாதன், களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறான். ஆடி பிறந்தால் பெண் பார்க்க வர மாட்டார்கள், அதற்குள் வருகிறார்களாம்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவர்கள் கேட்டதற்கு "எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம்" என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா வெலிங்டன் தீவில் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா. அங்கே எக்ஸ்போர்ட் என்பது கௌரவமான சொல். இறால் என்பது எங்கள் வீட்டில் சொல்லே இல்லை. சைவச் சமையலறைக்கு நாலடி தூரத்தில் அதைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் என் சம்பளத்தில் வாங்கிய கிரைண்டர் அந்தச் சமையலறையில்தான் ஓடுகிறது.

அம்மா என் கையை வெகுநேரம் பார்த்தாள். "இந்தக் கையால காபி குடுத்தா அவா என்ன நெனைப்பா? வியாதின்னு நெனைச்சாலும் கஷ்டம். வியாதி இல்லைன்னு சொன்னா பின்னே என்னன்னு கேப்பா. அதுவும் கஷ்டம்."

10 ஜூன்

மருதாணி வைத்தோம். நகத்தில் பிடிக்கவில்லை, சுற்றியுள்ள தோலில் பிடித்தது. நகம் இல்லாத இடத்தைக் கோடு போட்டுக் காட்டிய மாதிரி ஆயிற்று.

12 ஜூன், ஞாயிறு

பஹ்ரைனிலிருந்து லீவில் வந்திருக்கும் பெரியப்பா பெண் விசாலாக்ஷி ஒரு டப்பா கொடுத்தாள். பிளாஸ்டிக் நகம், ரோஜா நிறம், கூடவே குழாயில் பசை. எந்த ஊர்க் கைக்குச் செய்ததோ, என் சுண்டுவிரலுக்கு எல்லாமே தொப்பி. பொருந்தின நாலைந்தை ஒட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

ரசம் சாதம் பிசையும்போது ஒன்று போயிற்று. துழாவி எடுத்தேன். தட்டில் நகம் கிடந்தால் என்ன தோஷம் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. தட்டை இரண்டு தரம் தேய்த்துவிட்டு, நகத்தையும் தேய்த்து டப்பாவில் போட்டாள்.

மற்றவற்றைப் பிய்த்தபோது என் நகத்தில் ஒரு படலம் கூடவே வந்தது.

25 ஜூன், சனி

அம்மாவும் நானும் படகில் எர்ணாகுளம் போனோம். லீனா டிக்ரூஸ் என்பவர் மாடியில் ப்யூட்டி பார்லர் வைத்திருக்கிறார். கீழே அவர் கணவர் பல்செட் கட்டுகிறார். மாடிப்படி ஏறும்போது இரண்டு பக்கமும் பல்வரிசை சிரிக்கிறது.

லீனா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். "பிளாஸ்டிக் ஒரு நாள் கூத்துக்கு மோளே. எடுக்கும்போ உன் நகத்தையும் எடுக்கும்." இரண்டாவது வழி, மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நகத்தின் மேல் வைத்துப் பசை பூசுவது. கட்டையாகத்தான் இருக்கும், அழகு ஒன்றும் கிடையாது, ஆனால் அடியில் சொந்த நகம் வளரும்வரை தாங்கும். மூன்றாவது, பொடியையும் ஒரு திரவத்தையும் குழைத்து நகத்தின் மேலேயே நகம் கட்டுவது. கீழே பல்செட்டுக்கு எடுக்கிற அதே பொடி. கல் மாதிரி இறுகும், வேண்டிய நீளம் விடலாம்.

"பட்சே இதுபோல நைந்த நகத்துக்கு இது வேண்டா. எப்போழும் தண்ணியில கை வைக்கறவளுக்கு வேண்டவே வேண்டா. அடியில ஈரம் கேறியால் அழுகும்."

நான் காகிதம் என்றேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எது பார்க்க நன்னாருக்கும்?"

பொடி என்று முடிவாயிற்று. ஒரே நாள் காரியம், பெண் பார்த்துவிட்டுப் போனதும் எடுத்துவிடலாமாம். நான் மறுக்கவில்லை. கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அதில் மாட்டுக்கொழுப்பு ஏதாவது சேர்க்கிறார்களா? இல்லை, வாய்க்குள் வைக்கிற சாமான் என்றார் லீனா. வாயிலேயே வைக்கலாம் என்றால் சுத்தம்தான் என்று அம்மா சமாதானமானாள்.

2 ஜூலை, சனி

கட்டியாயிற்று. பார்லர் முழுக்க வார்னிஷ் நெடி. பத்தும் நீளம், பத்தும் பளபளப்பு. படகில் வரும்போது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழகாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை. அம்மா போட்டுவிட்டாள்.

3 ஜூலை, ஞாயிறு

வந்தார்கள். பஜ்ஜி, கேசரி, நமஸ்காரம், ஒரு பாட்டு. காபி டம்ளரை நீட்டும்போது நகம் பட்டு டிக் டிக் என்றது. பையனின் அம்மா சீதாலக்ஷ்மி மாமி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரல் நன்னாருக்கே" என்றார். அம்மா முகத்தில் தீபாவளி.

வாஞ்சிநாதன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஆபீஸ்ல டைப்பிங்கா?" நான் வாயைத் திறப்பதற்குள் ஆமாம் என்றார் அப்பா.

பதில் வரும்வரை நகத்தை எடுக்கக் கூடாதாம். மறுபடி பார்க்க வந்தாலும் வருவார்களாம். நாளைக்கு வேலைக்கு எப்படிப் போக?

4 ஜூலை

இறால் உரிக்கும் ஷெட் வாசலில் தினமும் காலையில் பெண்கள் வரிசையில் நின்று கையை நீட்டுவார்கள். நகம் வெட்டியிருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுவது என் பொறுப்பு. நகம் வளர்ந்திருந்தால் திருப்பி அனுப்புவேன். வைப்பின் தீவிலிருந்து முதல் படகில் வருகிறவர்களையும் அனுப்பியிருக்கிறேன்.

இன்று வரிசையில் முதலில் ஆவுடையம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், இந்த ஊர் வழக்கப்படி என்னையும் சார் என்பாள். கையை நீட்டினாள். அதைப் பார்க்க நான் என் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். "சாரே, இன்னைக்கு யாரு யாரைப் பாக்கணும்?"

பின்னால் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும்.

மானேஜருக்கு, தரகன் என்று பெயர், செய்தி போக நேரமாகவில்லை. சட்டம் எல்லாருக்கும் சட்டம் என்றார். நகம் வளர்க்கக் கூடாது என்று வாசலில் பலகை எழுதி மாட்டியவளே நான்தான். அந்த நகம் போகும்வரை ஆபீசில் உட்கார்ந்து இன்வாய்ஸ் டைப் அடிக்கச் சொன்னார்.

அப்பா சொன்ன பொய் காலை பத்து மணிக்கு உண்மையாயிற்று.

6 ஜூலை

நீள நகத்தோடு டைப் அடிக்க முடியாது. ஒரு எழுத்தைத் தட்டினால் நகம் இன்னொன்றையும் தட்டுகிறது. ஒசாகாவுக்குப் போகும் சரக்கில் இறாலின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது.

ஷெட்டில் என் இடத்தில் சேவியர் என்று ஒரு புதுப் பையன். கூடைக்குள் கைவிடாமல் மேலே கிடப்பதை மட்டும் பார்க்கிறானாம். மாதக் கடைசிக்குள் நான் திரும்பாவிட்டால் அவனையே வைத்துக்கொள்வதாகத் தரகன் சார் சொன்னார். "நீ ஆபீஸில் இருந்தோ. கல்யாணம் ஆகான் போகுன்ன குட்டியல்லே, அதுதான் நல்லது."

நல்லது. எல்லாருக்கும் என் நல்லது தெரிந்திருக்கிறது.

7 ஜூலை

வெங்கிட்டு மாமா பதிலோடு வந்தார். வேண்டாமாம்.

ஜாதகம் பொருந்தவில்லையா என்று அப்பா கேட்டார். "ஜாதகம் நன்னா பொருந்தியிருக்கு. நகம்தான். இவ்வளவு நகம் வச்ச கையால களைஞ்ச அரிசியை சிராத்தத்துக்கு எப்படி இலையில போடறதுன்னு அந்த மாமி கேக்கறா. மடிக்கு ஒத்து வராத பொண்ணாம்."

எங்கள் வீட்டிலும் சிராத்தத்துக்கு முந்தின நாளே அம்மா நகம் வெட்டிவிடுவாள். மூன்று பேரும் ஒரு மாதமாக நகத்தைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன். அப்பா கூடாது என்றார். கோயம்புத்தூரிலிருந்து இன்னொரு வரன் ஆடிக்கு முன்னால் வரலாமாம். அவர்கள் நாகரிகமானவர்களாம், நகம் பரவாயில்லையாம். "பகவானாப் பார்த்து ஆபீஸ் வேலையும் குடுத்திருக்கார். அதோட இரு."

எனக்கு என்ன வேணும்னு இந்த ஆத்துல யாராவது ஒருத்தர், ஒரு தரம் கேட்டாளா? எனக்கு ஷெட்டுக்குப் போகணும். அவ்வளவுதான். அது தப்பா? அந்த சேவியர் நாளைக்குக் கெட்டதை ஏத்தி விடுவான், நான் இங்க உட்கார்ந்து அதுக்கு இன்வாய்ஸ் அடிக்கணும்.

11 ஜூலை

மோதிர விரல் நகத்தின் அடியில் பச்சையாகத் தெரிகிறது. விண்விண் என்று வலி. அழுகும் என்று லீனா சொன்னது இதுதான் போலிருக்கிறது.

15 ஜூலை

கோயம்புத்தூர்க்காரர்கள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடி.

அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு எர்ணாகுளம் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா, கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

அசிட்டோனில் விரலை ஊறவைத்துச் சுரண்டி, மறுபடி ஊறவைத்து. லீனா "அன்றே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அடியில் இருந்ததை நகம் என்று சொல்ல முடியாது. நனைந்த காகிதம். மூன்று விரலில் அதுவும் இல்லை. டாக்டரிடம் காட்டி, புண் ஆறி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் டிஷ்யூகூட வைக்கலாம் என்றார்.

அம்மா திரும்பும் வழியெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

16 ஜூலை

உப்பு பட்டால் எரிகிறது, புளி பட்டால் எரிகிறது. அம்மா சாதத்தைப் பிசைந்து உருட்டி என் வாயில் வைத்தாள். இருபத்தாறு வயதில். நாலாவது உருண்டையில் அவள் அழ ஆரம்பித்தாள். நானும்தான். ரசம் காரம் என்று சொல்லிக்கொண்டோம்.

"தினமும் இந்தக் கையைத்தான் ஐஸ்ல விடறயா?"

"ஆமா."

"பின்னே ஏன் போறாய்?"

முதல் தடவையாகச் சொன்னேன். எப்படி எடுத்துப் பார்ப்பேன், தலைப்பக்கம் கறுத்தால் என்ன அர்த்தம், எப்போது ஒரு கூடையையே ஒதுக்குவேன், ஒதுக்கினால் தரகன் சார்கூட ஏன் வாதாட மாட்டார். இறால் என்ற சொல்லை ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். சமையலறையில் உட்கார்ந்துதான்.

"நீ வேண்டாம்னா கப்பல்ல ஏத்த மாட்டாளா?"

"மாட்டா."

தட்டைக் கழுவப் போனாள்.

29 ஜூலை, வெள்ளி

உள்ளே பஞ்சுத்துணி உறை, அதற்கு மேல் ரப்பர் உறை. டாக்டர் யோசனை. தரகன் சார் பார்த்துவிட்டு "சர்ஜனோ?" என்றார். உள்ளே விட்டார். சேவியர் குளிர்பதன அறைக்கு மாறினான்.

ரப்பர் வழியாக ஓடு தெரிகிறது, கெட்டதன் வழவழப்பு தெரியவில்லை. இப்போதைக்கு மூக்கை நம்புகிறேன். இரண்டு கூடை ஒதுக்கினேன். சந்தோஷமாக இருந்தது.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

17 செப்டம்பர்

டிஷ்யூ வைத்து ஒரு மாதம். பாதி வரை சொந்த நகம். கோணல்தான், ஆனால் கெட்டி.

30 அக்டோபர், ஞாயிறு

திருச்சூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன், அப்பா, அம்மா. என் நகம் கட்டையாக, மேடும் பள்ளமுமாக, இரண்டு விரலில் காகிதத்தோடு இருந்தது. மறைக்க எதுவும் செய்யவில்லை. காபி கொடுத்தேன். பையனின் அம்மா பார்த்தார். பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"பொண்ணு எங்க வேலை பார்க்கறா?"

"எக்ஸ்போர்ட் கம்பெனில, ஆபீ—"

"மீன் கம்பெனி." பஜ்ஜித் தட்டோடு வந்த அம்மா சொன்னாள். "இறால் பார்க்கறா. இவ சரின்னாத்தான் கப்பல்ல ஏத்துவா. இல்லைன்னா அப்படியே திருப்பி எடுத்துண்டு போக வேண்டியதுதான்."

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்தோம். பிறகு பையனின் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஆத்துக்கு வரச்சே மணக்குமோ?"

"மணக்கும்," என்றாள் அம்மா. "குளிச்சாப் போயிடும். பஜ்ஜி எடுத்துக்கோங்கோ."

எடுத்துக்கொண்டார்கள்.