ஒட்டுச் செல்கள்

நாள் 118, காலை 7.10

நிலவின் தென்முனை ஆய்வகம். பணியில் ஒரே ஆள்: செண்பகவல்லி, செல் உயிரியல். மின்சாரம் சரி. உறைபெட்டி சரி. தண்ணீர் பம்பு வழக்கம்போல் முனகுகிறது.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு: கருப்பை உட்சுவரின் திசுவைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தத் திசு கருப்பைக்கு வெளியேயும் ஒட்டி வளர்ந்தால் எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் உயிர் போகும் வலி. உடம்பின் காவல் செல்கள் அதை ஏன் விட்டுவைக்கின்றன என்பது கேள்வி. ஈர்ப்பு குறைந்த இடத்தில் நோய் முற்றுகிறதாம், அதனால் என்னைக் கொண்டுவந்து இங்கே போட்டிருக்கிறார்கள்.

இன்று வந்த மாதிரி நஸ்ரினுடையது. காயல்பட்டினத்துப் பெண். பயிற்சியின்போது என் அறைத்தோழி. நிலவைச் சுற்றும் நிலையத்தில் இப்போது காத்திருக்கிறாள், செவ்வாய்க்குப் போகும் கப்பலை ஓட்டப்போகிறவள். மருத்துவக் குழு கறாராகச் சொல்லிவிட்டது: நான் காரணத்தைக் கண்டுபிடித்தால் மருந்து, இல்லையென்றால் கருப்பையை எடுத்துவிட்டுத்தான் கப்பலில் ஏற்றுவோம். அவளுக்குக் கப்பலும் வேண்டும், திரும்பி வந்து பிள்ளையும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசையாம். சொன்னவர்கள் எல்லோரும் பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள்.

நாள் 121, மாலை 5.30

முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. நஸ்ரினின் காவல் செல்களும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நோயில்லாத ஒரு பெண்ணின் காவல் செல்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன.

பூமியிலிருந்து திட்டத் தலைவர் குணசீலன்: "செண்பகம், இருக்கறத அனுப்புங்க. குழு காத்துக்கிட்டிருக்கு."

'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று இடைக்கால அறிக்கை அனுப்பினேன். எழுதும்போதே பற்றிக்கொண்டு வந்தது. அவள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். செல்களுக்கு மட்டும் ஒன்றுமே தெரியாதாம்.

நாள் 123, மதியம் 1.05

ஆண்டெனாவைத் திருப்பும் மோட்டார் இறுகிவிட்டது. வருவது கேட்கிறது, இங்கிருந்து எதுவும் போகவில்லை.

நஸ்ரின்: "அக்கா, ஒங்க ரிப்போர்ட்ட வாசிச்சுக் காட்டுனாங்க. ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்களாமே. வெள்ளிக்கிழமை மதியம் ஆபரேஷன். நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். வேற ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கக்கா."

சொல்வதற்கு வழியும் இல்லை, விஷயமும் இல்லை. அலமாரியை உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

நாள் 124, காலை 9.20

இருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் கருவி அதை ஒரே செல்லாகப் படித்துக் குழம்பும். அதனால் ஒட்டுச் செல்களை முதலிலேயே கழித்துவிடுவது எங்கள் வழக்கம். நான் வேலை பார்த்த எல்லா ஆய்வகத்திலும் அப்படித்தான். அரிசியில் கல் பொறுக்கிப் போடுவது மாதிரி. பொறுக்கிய கல்லை யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்?

இன்று எண்ணினேன். நோயில்லாத பெண்ணுக்குக் கொஞ்சம்தான். நஸ்ரினுக்கு மூன்றில் ஒரு பங்கு. கழிவு அதிகம் என்று மென்பொருள் அன்றைக்கே எச்சரித்தது. திசுவைச் சரியாகப் பிரிக்கவில்லை போலும் என்று நினைத்து நான்தான் அதை மூடினேன். மடச்சி.

கழித்த இணைகள் அத்தனையிலும் ஒன்று காவல் செல், மற்றது உட்சுவர்ச் செல். மீதித் திசுவை உயிரோடு நுண்ணோக்கியில் வைத்தேன். காவல் செல் போய்ப் பிடிக்கிறது. கொல்வதில்லை, விடுவதுமில்லை. உட்சுவர்ச் செல் தன் மேல் ஒரு புரதத்தை நீட்டி அதை மயக்கி வைத்திருக்கிறது.

நாள் 125, காலை 6.00

அந்தப் புரதத்தை மறிக்கும் மருந்து ஒன்று ஏற்கெனவே வேறு நோய்க்குப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டிருந்தேன். காவல் செல்கள் விழித்துக்கொண்டன. சாப்பிடவும் தொடங்கிவிட்டன! சுற்றுநிலைய மருந்துப் பட்டியலிலும் அந்த மருந்து இருக்கிறது: நோயாளி அறை, தலைமாட்டு அலமாரி, இரண்டாவது தட்டு. சிரித்தேன், அழுதேன். நாளை மறுநாள் வெள்ளி. அவளிடம் சொல்ல வேண்டும்.

நாள் 126, மாலை 4.45

இரண்டு முறை வெளியே போனேன். மோட்டார் அசையவில்லை. உருப்படாத மோட்டார். கையால் சுற்றும் அச்சு பாதி வழியில் சிக்குகிறது. மோட்டாரை அசைக்கப் பார்த்ததில் மின்கலம் இறங்கிவிட்டது. உறைபெட்டியைக் காப்பாற்ற என் அறையின் சூட்டை நிறுத்தினேன். விரல் மரத்துவிட்டது, தப்புத்தப்பாக அடிக்கிறேன். காலையில் நஸ்ரின் மறுபடியும் கேட்டாள், ஏதாவது இருக்காக்கா என்று. இருக்கிறதடி. இருக்கிறது.

நாள் 127, காலை 5.15

அச்சு சுற்றியது. செய்தி போய்விட்டது. வெள்ளி விடிந்துதான் இருக்கிறது, ஆபரேஷன் மதியம்தான். நேரம் இருக்கிறது. குளிர். வலது கை மடங்கவில்லை.

நாள் 127, காலை 6.40

குணசீலன்: "செண்பகம், அருமையான வேலை. எல்லாருக்கும் பெருமை. ஆனா டாக்டருக்கு நேரம் தோதுப்பட்டுதுன்னு நேத்தே ஆபரேஷன முடிச்சுட்டாங்க. ஒங்ககிட்டேர்ந்து பதிலே வரல, புதுசா எதுவும் இல்லன்னு நெனச்சுட்டோம். அடுத்தவங்களுக்கு இது உதவும்."

அடுத்தவங்களுக்கு.

நாள் 127, காலை 8.00

நஸ்ரின்: "அக்கா, முடிஞ்சிருச்சு. நீங்க அனுப்புனத இப்பத்தான் காட்டுனாங்க. ஒங்க மேல கோவமில்லக்கா, சத்தியமா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. வெட்டுன வலி வேற, அது தெரியுது. ஆனா பழைய வலி அதே எடத்துல அப்படியே இருக்கே. அது ஏன்க்கா?"

நாள் 127, நேரம் பார்க்கவில்லை

ஏன் என்று எனக்குத் தெரியும். கருப்பையை மட்டும்தான் எடுத்தார்கள், அதற்கு வெளியே ஒட்டியிருந்த திசுவை யாரும் தொடவில்லை. அவளுக்கு அதே மருந்துதான் இப்போதும் வேண்டும். பதிலை எழுதி எழுதி அழிக்கிறேன். ஆண்டெனா மறுபடி சரிகிறது, சீக்கிரம் அனுப்பியாக வேண்டும்.

நஸ்ரின், நீ படுத்திருக்கும் அறையிலேயே, உன் தலைமாட்டு அலமாரியில், இரண்டாவது தட்டில்