அருவிக்குக் கீழே நடந்த சண்டை

மே 28, புதன்
மூத்த பேத்தி இசக்கிச்செல்வி எஸ்.ஐ. பரீட்சை பாஸ். பேரன் மணிமுத்து ராணுவத்தில் நாயக் ஆகிவிட்டான். சின்னப் பேரன் உமாசங்கர் சினிமாவில் சண்டை மாஸ்டர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் தென்காசியில் நான் ஏழு தடவை பார்த்த அடிதடிப் படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அதில் குற்றாலத்து அருவிச் சண்டை முழுக்க அவன் பொறுப்பு. தனியாகச் செய்வது இதுதான் முதல் தடவை. எங்கள் குத்துக்கல்வலசை முழுக்கச் சொல்லியாயிற்று. நாளை மறுநாள் ரிலீஸ்.

மே 30, வெள்ளி
தெருவில் பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் — என்னத்தைச் சொல்ல. பழைய படத்தில் கதாநாயகன் அடி வாங்கினால் நமக்கு வலிக்கும். இதில் முப்பது பேரை அடிக்கிறான், சட்டை கசங்கவில்லை. மெயினருவிக்கு நேர் கீழே நிமிர்ந்து நின்று காலைத் தூக்கி உதைக்கிறான். முடிகூடப் படியவில்லை. தியேட்டரே சிரித்தது.

"ஏட்டி, அந்தத் தண்ணிக்குள்ள கம்பியைப் பிடிக்காம எவன் நிப்பான்? ஒம் பேரன் எந்த ஊருக்காரன்ட்டி?" என்றாள் பக்கத்து வீட்டு ஞானபாக்கியம்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் ஆறவில்லை.

சாயங்காலம் அவன் போன் செய்தான். "ஆச்சி, ஃபைட்டு எப்பிடி?" "பிரமாதம்லே" என்றேன். சின்னதில் அவன் குட்டிக்கரணம் போட்டால்கூடக் குற்றம் சொல்லாமல் விட்டதில்லை நான். "சரி ஆச்சி." வைத்துவிட்டான்.

மே 31
போனை எடுக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்
மருமகளிடம் கேட்டானாம்: "ஆச்சியே பொய் சொல்லுதான்னா அவ்வளவு கேவலமாவாம்மா இருக்கு?" சினிமாவை விட்டுவிட்டு செங்கோட்டையில் லாரி ஓட்டப் போகிறானாம். அடப்பாவி, பத்து வருஷம் விழுந்து எந்திரிச்சுப் படிச்ச தொழிலுலே! எதுக்குச் சொன்னேன் அப்பிடி? ஊருக்கு முன்னால கௌரவம் போயிரும்னா? உக்காந்தா இருப்பு கொள்ளல. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கேன்.

ஜூன் 5, வியாழன்
ஐந்தாவது தடவை கூப்பிட்டதும் எடுத்தான். மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.

"நல்லாவே இல்லலே. அருவித் தண்ணி தலையில விழுந்தா கழுத்து உள்ள போவும். கண்ணு தெரியாது. கையை ஓங்கினா தண்ணி கீழ தள்ளும். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஆச்சி. ஷெட்டுக்குள்ள பச்சைத் துணி கட்டி எடுத்தாங்க. தண்ணி பொறவு கம்ப்யூட்டர்ல வந்தது. ஆளு தலையைக் குனியணும்னு சொன்னேன். ஹீரோ முகம் மறைஞ்சிரும்னாங்க. அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல."

"தொறந்திருக்கணும்."

"ஆமா."

பிறகு, "சாப்ட்டியா ஆச்சி?" என்றான். பாவிப்பய.

ஜூன் 22, ஞாயிறு
நல்ல சாரல். மூன்று நாளாக உமா இங்கேதான். லாரிப் பேச்சையே காணோம். யாரோ புது டைரக்டர், சின்னப் படம். சண்டையை அருவியிலேயே எடுக்கலாம் என்கிறாராம். கூட இரண்டு சண்டைக்காரப் பையன்கள். விடியுமுன் ஐந்தருவிக்குப் போவதும், கண் சிவந்து, தோள் கன்றி, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வருவதும்தான் வேலை. தண்ணீருக்குள் ஒருத்தன் ஒருத்தனைப் பிடித்துத் தள்ளத்தான் முடிகிறது, குத்த முடியவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டான்.

"பேரன் எதுக்கு வந்திருக்கான்?" என்று கேட்டாள் ஞானபாக்கியம். "குளிக்க" என்றேன்.

இன்று ரயில் ஏற்றிவிட்டேன். படம் எடுக்கும்போது நனைந்தபடி ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். போனில் வந்தால் என் விரல் சும்மா இருக்காது, தெருவுக்கே அனுப்பிவிடும்.