மேசை மேல் பிரித்த உறை

வீகோ
1991 மார்ச் 3

மகன் ஆன்ஷோவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஜூரிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி மழையோடு வந்தது, இரண்டும் இன்னும் போகவில்லை. உனக்குக் கம்பளிக் காலுறை பின்னி முடித்துவிட்டாள், தனியாக அனுப்புகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மாடியில் கட்சிக் கூட்டம் நடந்தது. கட்சியைக் கலைத்துவிட்டு, பல கட்சிகள் கூடிய பெரிய முன்னணியோடு சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, உனக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தோமே, அந்தக் கூட்டம்தான். வழக்கம்போல் சங்க அட்டையை உயர்த்திப் பிடித்து ஓட்டு, நானும் உயர்த்தினேன். செயலாளர் செகுந்தினோ எல்லார் முன்னாலும் "தோழர் எலாதியோ, கைய இறக்குங்க, அந்த விதிய எழுதினதே நீங்கதான்" என்றான். உண்மைதான். வக்கீல்களும் பேராசிரியர்களும் வந்து நம் தலைமேல் உட்காரக் கூடாது என்று, வேலையில் இருக்கிற தொழிலாளிக்கே ஓட்டு என எழுபத்தேழில் நான்தான் எழுதினேன். பிழைப்புக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் எந்த நாட்டில் வேலை செய்தாலும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்றும் நான்தான் எழுதினேன். கப்பல் தளத்தில் ஆள்குறைத்து ஐம்பத்தெட்டு வயதில் என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அன்றைக்கு யார் கண்டது. அட்டையைப் பையில் போட்டேன். "ஓட்டு இல்லாதவரே எண்ணட்டும்" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, சிரித்துக்கொண்டே என்னைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

சேரலாம் என்று பதினான்கு, வேண்டாம் என்று பதினான்கு. சமமாக வந்தால் கட்சி இருக்கும், அதுவும் விதி. அதோடு நான் எழுந்து வீட்டுக்கு வந்திருக்கலாம். கட்சித் தபால் நம் வீட்டுக்குத்தான் வரும், உன் ஓட்டு வந்த உறை பிரிக்காமல் என் கோட்டுப் பையில் இருந்தது ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் சமமாக நின்று பிழைப்பதில் எனக்கு மனமில்லை, நீயும் என்னைப்போல் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பாய் என்று நம்பினேன், ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. "என் மகன் ஓட்டு பாக்கி இருக்கு, எல்லாரும் காதத் தீட்டிக் கேளுங்கடா" என்று நின்றுகொண்டே கிழித்து உரக்க வாசித்தேன். சேர்ந்துவிடலாம், முப்பது பேர் மட்டும் சரியாக இருந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுதியிருந்தாய். நடுவில் நிறுத்தவில்லை, உன் கையெழுத்து வரைக்கும் வாசித்தேன். பதினைந்து என்று நானே பலகையில் எழுதினேன். செகுந்தினோ ஒரு கிண்ணம் மது கொண்டுவந்து "பையன் உங்கள விட விவரம்" என்றான், நான் தொடவில்லை.

வீட்டில் சூப்பைத் தள்ளிவைத்தேன். அம்மா "மனசுல பட்டத பயப்படாம சொல்லுன்னு நீதான வளத்த, சொல்லிட்டான், இப்ப சூப்பு என்ன பண்ணுச்சு" என்றாள். கட்சி உன்னைக் கேட்டது, நீ பதில் சொன்னாய், அதில் எனக்குப் புகார் இல்லை. அதே வாரம் காலுறை வேண்டும் என்று அம்மாவுக்குத் தனியாக எழுதத் தெரிந்த உனக்கு, "அப்பா, நான் உங்களுக்கு எதிராக ஓட்டுப் போடுகிறேன்" என்று எனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த உறை இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது.

வரும் ஞாயிறு மார்ச் பத்து. எழுபத்திரண்டில் பெர்ரோலில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்கான ஊர்வலத்தில் எல்லாரும் முன்னணிக் கொடியோடு போவார்கள், நான் நம் பழைய பதாகையைத்தான் தூக்குவேன். அதற்கு இரண்டு கம்பு, ஒன்று எப்போதும் உன்னுடையது. அதை இந்த முறை அம்மா பிடிக்கிறாளாம். நீ சொல்வதுதான் சரி என்பதே அவள் எண்ணமும், முழங்கால் வலி வேறு. பிறகு எதற்குப் பிடிக்கிறாய் என்று கேட்டால் "துணிய தைச்சவ நான்" என்கிறாள்.

கட்டட வேலையில் இடுப்புக் கயிறு கட்டாமல் சாரத்தில் ஏறாதே, சங்கச் சந்தாவை நிறுத்தாதே. கோபம் இருக்கிற மனதோடுதான் சொல்கிறேன், இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு வேலை குறையக் கூடாது. ஆகஸ்டில் வரும்போது கம்பு கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். எடு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓட்டில்லாத உன் அப்பா
எலாதியோ