ஒன்பது நிமிடம் உட்கார்ந்தவள்

ஜூன் 4, புதன்

எங்கள் கிளினிக்குக்குப் பல்வலியோடு வருகிறவர்களுக்குக்கூட உட்காரத் தெரியவில்லை. டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொன்ன மறுநிமிடமே "இன்னும் எத்தனை பேர்?" என்று என் கவுன்டருக்கு வந்துவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை தம்பியின் படம் வருகிறது. ஒரே தியேட்டர், காலைக்காட்சி மட்டும், ஒரு வாரம். கதாநாயகி நான்தான். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவிடம் லீவு கேட்டேன். படத்தில் என்ன செய்கிறாய் என்றார். உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "இங்கேயும் அதைத்தானே பண்றே" என்று சிரித்தார். லீவு வேண்டுமே, நானும் சிரித்துவைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

படம் ஓடியது. ஓடியது என்று எழுதலாமா? நடந்தது என்றுகூட எழுத முடியாது.

ஒருத்தி வீடு பெருக்குகிறாள், துணி மடிக்கிறாள், வாசல் கதவைப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்காருகிறாள். வெளிச்சம் மங்குகிறது. யாரும் வரவில்லை. அவ்வளவுதான் கதை. உட்காரும் காட்சி மட்டும் ஒன்பது நிமிடம், நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது.

முன்வரிசையில் ஒருவர் ஹீரோ எப்போது வருவார் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "அந்தக் கதவு வழியாத்தான் வருவாரு, பொறு" என்றார். பாவம், கடைசிவரை பொறுத்தார்கள். ஆனால் ஒரு இளைஞன், படம் உறைந்துவிட்டது என்று நினைத்து ஆபரேட்டரிடம் ஓடினான். ஆபரேட்டருக்கும் அதே சந்தேகமாம். நிறுத்திவிட்டுக் கொஞ்சம் முன்னாலிருந்து போட்டார். நான் மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்தேன். தியேட்டரே தலையில் அடித்துக்கொண்டது. பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் லேசாகக் குறட்டை விட்டார். திரும்பி வரும்போது, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எது என்று கேட்டேன். ஏசி என்றார். ராத்திரி அவருக்கு நான் பரிமாறவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

ஜூன் 7, சனி

எவனோ திரையைப் போனில் படம் பிடித்து, என் முகத்தின் மேல் லோடிங் வட்டத்தைச் சுற்றவிட்டிருக்கிறான். சித்தப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டு, பத்து சிரிப்பு பொம்மைகளும் போட்டிருந்தார். "வட்டம் நல்லா சுத்துது சித்தப்பா, நீங்களும் கடைசிவரைக்கும் பார்த்துட்டீங்களே" என்று எழுதினேன்.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. அந்த உட்காரும் காட்சியை ஒரு நிமிடமாக வெட்டினால் இன்னொரு வாரம் ஓட்டலாம் என்று தியேட்டர்காரர் சொன்னாராம். வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

"வெட்டிடலாமாக்கா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது என்ன காட்சி என்று இவனுக்குத் தெரியாதா? அப்பா போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அன்று அம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் இடது கை, அதன்மேல் வலது கை. கதவையே பார்த்தபடி. நானும் இவனும் சுவரோரமாக நின்று அம்மாவைப் பார்த்தோம். அவர் இன்றுவரை வரவில்லை. நான் நடிக்கவில்லை, எனக்கு நடிக்கவும் தெரியாது. அம்மா மாதிரி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அதை ஒரு நிமிடத்தில் முடி என்று எவன் சொல்வது?

தோண்டித் துருவிக் கேட்டதும் உண்மை வந்தது. தியேட்டர்காரர் ஒரு சாக்கு. அம்மா பார்த்துவிடுவாளோ என்றுதான் இவனுக்குப் பயம். "அம்மாகிட்ட கேக்காம எடுத்துட்டோமேக்கா."

கேட்கவில்லைதான். அதற்காக வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

ஜூன் 9, திங்கள்

சாப்பாட்டு வேளையில் கிளினிக் நர்ஸ் என்னை மாதிரியே உட்கார்ந்து காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். கை சரியில்லை என்று திருத்தி, இப்போது உட்கார் பார்க்கலாம் என்றேன். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

படம் அவனுடையது. முகம் என்னுடையது. வெட்ட விடமாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

தம்பியிடம் சொல்லாமல் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். தியேட்டர் வாசலில் எங்களைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்தது. உள்ளே வந்தவன் உட்காராமல் கதவோரமாகவே நின்றான்.

கூட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். நாற்காலி வந்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. அடையாளம் தெரிந்துவிட்டது. நான் செய்தது தப்போ? எழுந்து கூட்டிக்கொண்டு போய்விடலாமா? பின்னாலிருந்து ஒருவர், "ஐயோ, இந்தம்மா இன்னும் எழுந்திருக்கலையா" என்றார். அம்மா திரும்பி, "பேசாம பாருங்க" என்றாள். அவர் பேசாமல் பார்த்தார்.

வெளியே படியில் தம்பி தலை குனிந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஏன்டா இவ்வளவு சீக்கிரமா முடிச்சுட்டே? நான் இதுக்கு மேல உட்கார்ந்திருந்தேனே."

தம்பி தலை நிமிர்ந்தான்.

"அப்புறம் நான் எழுந்து லைட்டைப் போட்டேன். கதவைச் சாத்தினேன். உங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டேன். நீ என்னடான்னா, அவளை இருட்டிலேயே உட்கார வச்சுட்டுப் போயிட்டே. நான் என்ன இன்னும் அங்கேயேவா உட்கார்ந்திருக்கேன்?"

தம்பி அழுதுவிட்டான். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை. தியேட்டர்காரர் வந்து என்ன முடிவு என்று கேட்டார். "ஒன்பது நிமிஷமே கம்மியா இருக்காம் சார்" என்றான் தம்பி.

ஜூன் 13, வெள்ளி

தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் போஸ்டர் மேலேயே சண்டைப் படப் போஸ்டர். ஓரத்தில் என் நாற்காலியின் ஒரு கால் மட்டும் தெரிகிறது. அது போதும்.

ஜூன் 22, ஞாயிறு

அதே வீடு, அதே நாற்காலி. விட்ட இடத்திலிருந்து எடுத்தோம். இப்போது பதின்மூன்று நிமிடம் வரும் என்கிறான் தம்பி. சித்தப்பாவுக்கு முதல் டிக்கெட்.

வீட்டுக்காரர் லைட் பிடித்தார், தூங்கவில்லை. அம்மா கேமராவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எழப் போனபோதெல்லாம், "இருடி, இன்னும் இல்லை" என்றாள். நாலாவது தடவைதான் தலையாட்டினாள். எழுந்தேன். லைட்டைப் போட்டேன். கதவைச் சாத்தினேன். இரண்டு தட்டு எடுத்துவைத்தேன்.

தம்பி 'கட்' சொல்லவில்லை. எல்லாரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.